கையில் பட்டை, கழுத்தில் மாலை

எங்கள் வேலையில், நோயாளியின் கையில் பட்டையைச் சுற்றி முடிப்பதற்குள் பாதி விஷயம் மூக்குக்குத் தெரிந்துவிடும், மீதிப் பாதியை மெஷின் சொல்லும், நோயாளி மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார்.

ஈப்போ பக்கம் ஓர் அரசாங்க கிளினிக்கில் பிரஷர் பார்க்கும் அறை என்னுடையது. சம்பளச் சீட்டில் தாதி என்று இருக்கும். வருகிற நம் ஆட்களுக்கு நான் 'மிஸ்ஸி'. அவர்களில் பாதிப்பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்தவர்கள். தோட்டம் கைமாறி, ரப்பர் பால்மரம் போய் செம்பனை வந்து, அதுவும் போய் வீடுகள் வந்த பிறகு, அந்த வீடுகளில் ஒன்றை வாடகைக்குப் பிடித்து உட்கார்ந்தவர்கள். தோட்டத்தில் கள்ளுக்கடை ஒன்றுதான் இருந்தது. தாமான் என்கிற இந்தக் குடியிருப்பில் சந்துக்குச் சந்து பீர் கிடைக்கிறது. முன்னேற்றம் என்றால் எல்லாவற்றிலும்தான் இருக்கும்.

வீட்டில் ஒரு பிரஷர்காரரும் ஐஸ்பெட்டியில் ஒரு போத்தலும் குடியிருக்க, இரண்டுக்கும் நடுவில் நின்று தொண்டை வறளக் கத்துகிறவர்களே, நானும் உங்கள் கட்சிதான். ஒரே வித்தியாசம், உங்களுக்கு வீட்டில் ஒருவர். எனக்குக் காலையிலிருந்து ஒரு பெஞ்சு நிறைய.

சிக்கிட்

கோபால் அண்ணனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இவர் திரும்பத் திரும்ப வருவார். ஐம்பதைத் தாண்டியவர், பள்ளி பஸ் ஓட்டுகிறவர். இருட்டு பிரியும் முன்னே கிளம்பி வீடு வீடாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார். எந்தப் பிள்ளைக்கு ஜன்னல் ஓரம் வேண்டும், எது பசியாறாமல் வந்து வாந்தி எடுக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மனைவி தனம் அக்கா காம்பாரில் ஒரு கல்லூரியில் துப்புரவு வேலை பார்க்கிறவர். கடைசி டிரிப் முடிந்து பஸ்ஸை நிறுத்தியதும் அண்ணன் போத்தலைத் திறப்பார். அதற்குமேல் மறுநாள் காலை வரைக்கும் தனம் அக்காவுக்குத் தூக்கம் கிடையாது. புருஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் ஒரு பக்கம், பஸ்ஸில் இருக்கும் ஊரார் பிள்ளைகள் என்ற பயம் இன்னொரு பக்கம்.

முதல் முறை இருவரும் வந்த அன்றே மெஷின் நூற்றெழுபதைத் தாண்டிவிட்டது. எங்கள் டாக்டர் அஸ்லினா எட்டிப் பார்த்து, "மினும் தா?" என்று கேட்டார். குடிப்பீர்களா என்று மலாயில் கேட்கிறார். "தா மினும், டொக்டோர்," என்று, அதாவது குடிப்பதே இல்லை என்று, கோயிலில் சத்தியம் பண்ணுகிற முகத்தோடு சொன்னார் அண்ணன். அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்ற தனம் அக்கா, அவர் தலைக்கு மேலே கையை ஆட்டி ஆட்டிப் பொய் என்று காட்டினார்.

டாக்டர் உள்ளே போனதும் நான் தமிழில் கேட்டேன். "சிக்கிட்தான்லா மிஸ்ஸி," என்றார். சிக்கிட் என்றால் கொஞ்சம். எங்கள் அறையில் அதிகம் புழங்கும் அளவு அதுதான், எத்தனை போத்தலையும் அதற்குள் அடக்கிவிடலாம். "பெரிய போத்தலா, சின்ன போத்தலா அண்ணே?" என்றேன். சின்னதுதான் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். தனம் அக்காவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"போத்தல் சின்னதுதான் மிஸ்ஸி. ஆனா அது தனியா வராது, குடும்பத்தோடதான் வரும்."

இரண்டு நாள் நல்ல பிள்ளை

அடுத்த முறை வரும் தேதியை நாங்கள் கொடுத்தனுப்புவோம். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்பிருந்து நம் ஆண்கள் எல்லாரும் உத்தமர்கள். பரீட்சைக்கு முதல் நாள் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைகள் மாதிரி, கிளினிக்குக்கு முதல் நாள் போத்தலை மூடுவார்கள். எங்களை ஏமாற்றுவதாக நினைப்பு. ஏமாறுவது யார் என்பது அவர்களுக்குப் புரியவே புரியாது.

கோபால் அண்ணனும் அப்படித்தான் வந்தார். தலைக்கு எண்ணெய் தேய்த்து, நெற்றி நிறைய திருநீறு பூசி, வாயில் ஒரு வாடை இல்லாமல். ஆனால் கை லேசாக நடுங்கியது, ஏர்கோன் அறையிலும் வேர்த்தது. பிரஷர் போன தடவையைவிட ஏறியிருந்தது. தினமும் குடித்துப் பழகிய உடம்பு, திடுதிப்பென்று நிறுத்தினால் முதல் சில நாள் முரண்டு பிடிக்கும், நிறைய குடிக்கிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும், சில வாரம் தாக்குப்பிடித்தால்தான் பிரஷர் இறங்கும் என்று எடுத்துச் சொன்னேன். பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். எனக்கே ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. எழுந்து சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே தனம் அக்காவிடம் வெற்றியோடு சொன்னார்:

"பாத்தியா தனம், குடிக்காம இருந்தா எப்படி ஏறுதுன்னு!"

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் டாக்டர்

என் அறைக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சு இருக்கிறது. எங்கள் கிளினிக்கின் உண்மையான டாக்டர் அதில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆள் மட்டும் நாளுக்கு நாள் மாறுவார். உள்ளே நாங்கள் கால் மணி நேரம் பேசியதை வெளியே ஒரே வாக்கியத்தில் அழித்துவிடுவார்.

அந்தோணி அண்ணன் அந்தப் பெஞ்சின் நிரந்தர டாக்டர்களில் ஒருவர். தொழிற்சாலைக் காவல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் தேவாலயம், வெள்ளி சனி தவறாமல் தண்ணி. மருந்து வாங்க வரும்போதெல்லாம் போன தடவை கொடுத்த மாத்திரையில் ஒரு பை மிச்சம் கொண்டு வருவார். ஏன் மிஞ்சுகிறது என்று கேட்டால், குடிக்கிற அன்று மாத்திரை போடுவதில்லையாம். இரண்டும் வயிற்றில் சண்டை போடுமாம். நானும் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். குடித்தால் பிரஷர் ஏறும், மாத்திரையையும் நிறுத்தினால் ஏறுகிறதைப் பிடிக்க ஆளே இல்லை. விட வேண்டியது போத்தலை, மாத்திரையை அல்ல. மாத்திரையும் போட்டுத் தண்ணியும் போட்டால் தலை சுற்றி விழுவீர்கள், அதனால் போத்தலைத்தான் விட வேண்டும் என்று திருப்பித் திருப்பிச் சொன்னேன். அவர் 'தலை சுற்றி விழுவீர்கள்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போய், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோபால் அண்ணனுக்கு வைத்தியம் சொன்னார். கதவு திறந்திருந்ததால் என் காதிலும் விழுந்தது.

"மிஸ்ஸியே சொல்லிட்டாங்க மச்சான், ரெண்டும் சேரக்கூடாதாம். ஒரே நாள்ல ஒடம்புக்கு எதுக்கு ரெண்டு வெசம்?"

கறுப்பாக இருந்தால் மருந்து

ஆண்களை மட்டும் சொல்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். பாக்கியம் அக்கா பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் சமைக்கிறவர். உப்பைக் குறைத்துவிட்டார், ஊறுகாயை விட்டுவிட்டார், மாலையில் நடக்கிறார், மாத்திரையும் தவறுவதில்லை. ஆனாலும் பிரஷர் இறங்க மாட்டேன் என்கிறது. குடிப்பீர்களா என்று கேட்டதும் காளியம்மன் மாதிரி முறைத்தார். நான் சாமி கும்பிடுகிறவள், என்னைப் பார்த்து அந்தக் கேள்வி கேட்கலாமா என்று கண்ணில் தண்ணீர் வேறு.

மன்னிப்புக் கேட்டேன். பிறகு, பேச்சோடு பேச்சாக ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறதா என்று விசாரித்தேன். ஸ்டவுட்டில் முட்டை அடித்துக் குடித்தால்தான் வருகிறதாம். பிள்ளை பெற்ற காலத்தில் இரத்தம் ஊற என்று மாமியார் ஆரம்பித்து வைத்தது. அந்தப் பிள்ளைக்கே இப்போது இரண்டு பிள்ளை. "அக்கா, ஸ்டவுட்டும் பீர் குடும்பம்தானே?" என்றேன். என்னை இவ்வளவு நாள் படித்தவள் என்று நினைத்திருந்தவர், அன்றோடு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டார்.

"பீரு மஞ்சளா இருக்கும் மிஸ்ஸி. இது கறுப்பு. கறுப்பா கசப்பா இருந்தா அது மருந்துலா, அதுகூடவா தெரியாது?"

குடித்தே பார்க்காத டாக்டர்

டாக்டர் அஸ்லினா நல்ல பிள்ளை. நோயாளியை நிமிர்ந்து பார்த்துப் பேசுகிற டாக்டர். ஒருநாள் கோபால் அண்ணனை உட்கார வைத்து, படம் போட்டு, மது இரத்தக் குழாயை எப்படி இறுக்கும், இதயம் எப்படி கூடுதலாக உழைக்கும், எடை எப்படி ஏறும், மாத்திரையின் வேலையை எப்படிக் கெடுக்கும், மூளைக்குப் போகும் குழாய் வெடித்தாலோ அடைத்தாலோ கை கால் எப்படி விழும் என்று மலாயில் விளக்கினார். நான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். இதே பேச்சை நான் எத்தனை தடவை மொழிபெயர்த்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டாக்டர் எப்போதாவது குடித்திருக்கிறாரா என்று என்னிடம் தமிழில் விசாரித்தார். "அவங்க முஸ்லிம், எப்படிண்ணே குடிப்பாங்க?" என்றேன். அவருக்கு நிம்மதி வந்துவிட்டது. நோயாளி என்ன கேட்கிறார் என்று டாக்டர் ஆவலோடு என் முகத்தைப் பார்த்தார். நல்ல கேள்வி கேட்டிருப்பார் என்ற நம்பிக்கை அந்தப் பெண்ணுக்கு. நான் ஒன்றுமில்லை என்று சொல்லி மழுப்பினேன். அண்ணன் எழுந்து டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டு, வாசலில் வைத்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"பஸ்ஸே ஓட்டிப் பாக்காத ஆளு கியர் மாத்தச் சொல்லித்தர்ற மாதிரி இருக்கு மிஸ்ஸி. பாவம், சின்னப் புள்ள, அவங்க மனசு நோகக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டேன்."

விரத காலம்

எங்கள் கிளினிக்கில் வருஷத்துக்கு ஒருமுறை அதிசயம் நடக்கும். தைப்பூசத்துக்கு முன்னால் பெஞ்சு முழுக்க மஞ்சள் வேட்டியும் காவித் துண்டுமாக மாறிவிடும். ஒரு மண்டல விரதம். மாமிசம் இல்லை, தண்ணி இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, என்னிடம் சண்டைகூட இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் பிரஷர் இறங்கிக்கொண்டே வரும். மெஷின் கெட்டுவிட்டதோ என்று புதிதாக வந்த தாதி ஒருத்தி என் கையில் சுற்றிப் பார்த்தாள். என்னுடையது மட்டும் ஏறியிருந்தது.

அந்த வருஷம் கோபால் அண்ணன் மகளுக்கு நல்ல இடத்தில் வரன் அமைந்ததற்காகக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு மாலை போட்டார். போன தடவை பட்ட அனுபவத்தால் நானே டாக்டரிடம் பேசி, விரதம் ஆரம்பிக்கும் முன்பிருந்தே படிப்படியாகக் குறைக்க வைத்தோம். மாத்திரையை தனம் அக்கா தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். விரதம் பாதி தாண்டி அவர் வந்தபோது, பிரஷர் எங்கள் டாக்டருடையது மாதிரி இருந்தது. முகத்தில் இருந்த உப்பல் வடிந்து, கண்ணின் சிவப்பு போய், ஆளே பத்து வயசு குறைந்துவிட்டார். தனம் அக்கா பின்னால் நின்று கையாட்டவில்லை. சும்மா நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"கூட்டாளிங்க யாரும் கூப்பிடலையா அண்ணே?" என்று கேட்டேன். கூப்பிடுவார்களாம், கூட உட்காரவும் சொல்வார்களாம், ஆனால் அவருக்கு மட்டும் ஒரேஞ்சு தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிடுவார்களாம். நான் அன்றைக்குப் பெரிய ஆளாக விளக்கம் கொடுத்தேன். அதே சோறு, அதே மாத்திரை, அதே வேலை, குறைந்தது ஒன்றே ஒன்றுதான், அந்த ஒன்றுக்குத்தான் பிரஷர் இறங்கியிருக்கிறது, ஆனாலும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்றேன். அவர் கழுத்து மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மால போட்டவனுக்கு எவனும் ஊத்தமாட்டான் மிஸ்ஸி. அது முருகனோட காவல். இனி மாத்திரையெல்லாம் எதுக்கு, அவரே பாத்துக்கிட்டாரு."

விரதம் முடிந்த வாரம்

தைப்பூசத்துக்கு மறுவாரம் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. காவடி இறக்கி, கோயிலில் மாலையைக் கழற்றி, வீட்டுக்கு வந்து ஆடு வெட்டி, கூடவே போத்தலையும் திறப்பார்கள். தலைவலி, படபடப்பு, மூக்கில் இரத்தம் என்று வரிசையாக வருவார்கள். போன மாதம் இதே நாற்காலியில் உட்கார்ந்து முருகா என்றவர்கள் இப்போது ஐயோ அம்மா என்பார்கள்.

அந்தோணி அண்ணனும் அந்த வாரம் வந்தார். விரதமே இல்லாதவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். கூட்டாளிகள் விரதம் முடித்ததற்கு மரியாதையாகத் துணைக்கு உட்கார்ந்தாராம். தலை பிளக்கிறது என்கிறார், கண் மங்குகிறது என்கிறார், டாக்டர் அவரைப் படுக்க வைத்து, பிரஷர் இறங்கும்வரை வீட்டுக்கு அனுப்பவில்லை. பக்கத்துக் கட்டிலில் அவரோடு குடித்த கூட்டாளி ஒருவர் கிடந்தார். இப்படி மொத்தமாகக் குடிப்பது இன்னும் ஆபத்து இல்லையா என்று அவரிடம் கேட்டேன். கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்.

"ஒரு மண்டலம் விட்டதையெல்லாம் எப்ப மிஸ்ஸி குடிச்சு முடிக்கிறது? ஆரம்பிச்சாதான ஆகும்?"

கார் பூட் கிளினிக்

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் எனக்கு விடுமுறை கிடையாது. நம் கல்யாண மண்டபங்களின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். உள்ளே மேடையில் மணமக்கள், வெளியே கார் நிறுத்துமிடத்தில் பூட் என்கிற பின்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆண்கள். மொய் எழுதுகிற ஆளைவிட அங்கே பிளாஸ்டிக் கிண்ணம் நீட்டுகிற ஆளுக்குத்தான் வேலை அதிகம். தைப்பூசம் முடிந்து சில வாரம் கழித்து காம்பாரில் அப்படி ஒரு கல்யாணம். நான் காரை விட்டு இறங்கியதும், "மிஸ்ஸி வாராங்க, மிஸ்ஸி வாராங்க," என்று யாரோ குரல் கொடுத்தார்கள். நாலைந்து கார் பூட்டுகள் பட்பட்டென்று சாத்திக்கொண்டன.

ஒரு பூட்டை மட்டும் சாத்தமுடியவில்லை, கோபால் அண்ணன் அதன் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார். முகம் மறுபடி உப்பியிருந்தது. கோபம் வரவில்லை, எனக்கு ரொம்ப அலுப்பாக இருந்தது. பட்டுச்சேலையில் நின்றுகொண்டு, மாத்திரையாவது ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று மட்டும் கேட்டேன். தனம் அக்கா உள்ளே பந்தியில் இருந்தார். அவர் கொடுக்கிற மாத்திரையை அண்ணன் வாயில் அடக்கி, பஸ்ஸுக்குப் போகும் வழியில் சாக்கடையில் துப்பிவிடுகிறார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. தனம் அக்காவுக்கும் தெரியாது. அண்ணனே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்:

"ரெண்டும் சேரக்கூடாதுல்ல மிஸ்ஸி? அதான் மாலயக் கழட்டுன அன்னைக்கே மாத்திரையையும் நிறுத்திட்டேன். நான் சொன்னா சொன்னதுதான்லா."

வாடை இல்லாத காலை

அன்றைக்கே தனம் அக்காவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். வீட்டுக்குப் போய் பெரிய சண்டை. மறுநாளே கிளினிக்குக்கு இழுத்துவருவதாகச் சொன்னார். அண்ணன் பள்ளி விடுமுறை முடியட்டும் என்றார், பஸ் சர்வீஸ் முடியட்டும் என்றார். பள்ளி திறக்கும் நாளும் வந்தது. அன்று பெற்றோர்கள் வாசலில் நிற்பார்கள் என்று முந்தின நாள் அவர் ஒரு சொட்டுத் தொடவில்லை.

காலையில் பஸ் வீட்டு முன்னால் உறுமிக்கொண்டே நின்றது, கிளம்பவில்லை. சோற்றுப் பெட்டியைக் கொடுக்கப் போன தனம் அக்கா, அவர் ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருப்பதைப் பார்த்தார். வாயோரம் எச்சில் வழிந்தது, கேட்டதற்கு ஏதோ உளறினார். இத்தனை வருஷம் பார்த்த முகம்தானே. விடியற்காலையிலேயே ஊற்றிக்கொண்டாயா, ஊரார் பிள்ளைகளை ஏற்றப்போகிறாயே, உனக்கு மனசாட்சி இருக்கிறதா என்று தெருவே கேட்கத் திட்டினார். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் அடித்தார். மறுபடி திட்டினார். பிறகு அவரைத் தூக்கி நிமிர்த்தும்போதுதான், முகத்தோடு முகம் ஒட்டியது. வாயில் வாடையே இல்லை. வலது கை பொத்தென்று மடியில் விழுந்தது. அப்போதுதான் அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

நல்ல வேளையாக ஒரு பிள்ளைகூட இன்னும் பஸ்ஸில் ஏறியிருக்கவில்லை. அண்ணன் பிழைத்துக்கொண்டார். வாய் கோணி, பேச்சு குழறி, ஒரு கை விழுந்தால் மோந்து பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று இப்போது நான் எல்லார் மனைவியிடமும் சொல்கிறேன். அதை தனம் அக்காவிடம் முன்னமே சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்:

"நான் நின்னு திட்டிக்கிட்டிருந்த நேரத்துல தூக்கிட்டுப் போயிருந்தா, அந்தக் கை வந்திருக்குமா மிஸ்ஸி?"

காலம் தப்பிய மாலை

பல மாதம் கழித்து கோபால் அண்ணன் கோலூன்றி எங்கள் பெஞ்சுக்கு வந்தார். பஸ்ஸை வேறொருவர் ஓட்டுகிறார். காலையில் அது தெருவில் திரும்பும் சத்தம் கேட்டால் இவர் எழுந்து ஜன்னலுக்கு வந்துவிடுகிறாராம். ஒல்லியாகிவிட்டார். ஆனால் எல்லார் கண்ணும் அவர் கழுத்துக்குத்தான் போயிற்று. தைப்பூசம் எங்கேயோ இருக்கிறது, கழுத்தில் விரத மாலை.

பெஞ்சு விசாரித்தது. தனம் அக்கா நிதானமாகச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே கூட்டாளிகள் பார்க்க வந்தார்கள், சட்டைக்குள் ஒரு சின்னப் போத்தலும் வந்தது, மனசு தேறட்டும் என்று. மறுநாளே கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஐயர் கையால் மாலை போட்டுவிட்டார். எத்தனை நாள் விரதம் என்று ஐயர் கேட்டதற்கு, அது முருகனுக்கும் எனக்கும் உள்ள கணக்கு என்று சொல்லிவிட்டாராம். அடுத்த தடவை வந்த கூட்டாளிகள் மாலையைப் பார்த்ததும் சட்டையைத் தடவிக்கொண்டு, கோப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அந்தோணி அண்ணன் மாத்திரைப் பையைச் சட்டைப் பைக்குள் தள்ளினார். அவர் மனைவி பிலோமினா அக்கா அவரையும் பார்த்தார், மாலையையும் பார்த்தார், என்னைப் பார்த்துக் கேட்டார். சிரிக்காமல்தான் கேட்டார்.

"எங்கள்ல மால கிடையாதே மிஸ்ஸி. தவக்காலத்த வருஷம் பூரா நீட்டிக் குடுங்கன்னு ஃபாதர்கிட்ட கேட்டா ஒத்துக்குவாரா?"

தா மினும்

கோபால் அண்ணனை உள்ளே உட்கார வைத்து, நல்ல கையில் பட்டையைச் சுற்றினேன். பிரஷர் அழகாக இறங்கியிருந்தது. இப்போது மாத்திரையை தனம் அக்கா கொடுத்துவிட்டு, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார். டாக்டர் அஸ்லினா வழக்கம்போல எட்டிப் பார்த்து, "மினும் தா?" என்று கேட்டார். அண்ணனுக்கு நாக்கு இழுத்தது. நேரம் எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக, "தா... மினும்... டொக்டோர்," என்றார். நான் பழக்கத்தில் தனம் அக்காவின் கையைப் பார்த்தேன். அது ஆடவில்லை. அண்ணன் சரிந்துவிடாமல் இருக்க அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அந்தப் பதிலை எத்தனை பேர் வாயில் கேட்டிருப்பேன், அன்று கேட்டதுதான் உண்மை. பட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஒரு வழியா கையும் விழுந்து, குடியும் நின்னுடுச்சு, இனியாவது மாலயக் கழட்டலாமே அக்கா?" என்று ஏதோ பேசிவைத்தேன். தனம் அக்கா என்னை, கிளினிக்கில் இவ்வளவு காலம் வேலை பார்த்தும் ஒன்றும் தெரியாதவளே என்கிற மாதிரி பார்த்தார். குனிந்து, அண்ணன் சட்டைக்குள் போய்விட்ட மாலையை வெளியே எடுத்து எல்லாருக்கும் தெரியும்படி விட்டார்.

"வலது கைதான மிஸ்ஸி விழுந்துச்சு? இடது கை நல்லாத்தான இருக்கு."

பிரஷருக்குப் பட்டையைக் கையில் சுற்றச் சொல்லித்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், ஆளைக் காப்பாற்றியது என்னவோ கழுத்தில் சுற்றியதுதான், அதுவும் ஒரு கை அளவு தாமதமாக.